கொழும்பு மெடிக்கலுக்குப் போவதற்கு முன்

(பதுளையில் நாடு திரும்பிய குடும்பங்களுக்கான கூட்டத்தில் பேசியது)



பசறை, மடுல்சீமை, ஹாலிஎல, அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களுக்குத் திரும்பியிருக்கும் உங்களில் பலர் கேட்பது ஒரே கேள்விதான்: எல்லாரும் மெடிக்கலுக்குப் போக வேண்டுமா, நோய் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்களா?

எல்லாரும் போகத் தேவையில்லை. இலங்கைப் பிரஜைக்கு இந்தப் பரிசோதனை கிடையாது. 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தாலும், இந்தியாவுக்கு இடம்பெயர்ந்தோருக்காக 2009இல் வந்த திருத்தத்தாலும் பிரஜாவுரிமை பெற்ற பெரியவர்கள் நிம்மதியாக இருக்கலாம். முகாமில் பிறந்து, சென்னையிலுள்ள நமது துணை உயர்ஸ்தானிகர் அலுவலகத்தில் பிரஜையாகப் பதியப்பட்ட பிள்ளைகளும் அப்படித்தான். இந்தியக் கடவுச்சீட்டில் வந்திருக்கும் மருமகள், மருமகன், மனைவி, கணவன் ஆகியோர் வதிவிட விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதுதான் இது வருகிறது. 2019 முதல் நடைமுறையில் உள்ளது. சுகாதார அமைச்சும் சர்வதேச புலம்பெயர்வு அமைப்பும் சேர்ந்து கொழும்பில் நடத்துகின்றன. காசநோய், மலேரியா, யானைக்கால், எச்.ஐ.வி. ஆகிய நான்கைத்தான் பார்க்கிறார்கள்.

எதற்காக? 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. யானைக்கால் ஒழிப்பையும் அதே வருடம் ஏற்றுக்கொண்டது. ஆனால் நோயைப் பரப்பும் நுளம்பு இங்கேதான் இருக்கிறது. கிருமி ஒருவரின் இரத்தத்தில் வந்தாலும் திரும்பத் தொடங்கலாம். அதைக் கண்டுபிடித்து மருந்து கொடுப்பதே நோக்கம், ஆளைத் துரத்துவதல்ல.

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. நம் பாட்டன் பூட்டன்மார் கழுத்தில் தகரத் துண்டோடு வந்த காலத்தில், மண்டபத்தில்தான் அவர்களை நாள்கணக்கில் அடைத்துவைத்துச் சோதித்தார்கள். அதே மண்டபம் முகாமில் பிறகு உங்களில் எத்தனை பேர் அகதியாக இறங்கினீர்கள்! ஆகவே "மெடிக்கல்" என்றதும் நெஞ்சு திக்கென்பதில் அதிசயமில்லை. ஆனால் இங்கே கதவைப் பூட்டுவதில்லை. நாள் குறித்துப் போய், பார்த்துவிட்டு, வீடு திரும்பலாம்.

போகும்போது கடவுச்சீட்டு, விசாக் கடிதம், விவாகச் சான்றிதழ் மூன்றையும் மூலப் பிரதியாகவே எடுத்துப் போங்கள். நாளையும் கட்டணத்தையும் நிலையத்தில் நேரடியாகக் கேட்டறியுங்கள். "நான் முடித்துத் தருகிறேன்" என்று பஸ் ஸ்டாண்டில் நிற்பவரிடம் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். முதல் நாள் இரவு பஸ் ஏறுவதாயிருந்தால் வழக்கமாகக் குடிக்கும் மாத்திரையை மறக்க வேண்டாம். வெறும் வயிற்றோடு வரச் சொன்னால் தவிர, சாப்பிட்டுவிட்டே போங்கள்.

எக்ஸ்ரேக்கு முன் தாலிக்கொடி, தாயத்து, ஊக்கு எல்லாம் கழற்ற வேண்டும். தாலி கழற்றுவதை அபசகுனமாக நினைப்பவர்கள் கூடவரும் மாமியிடமோ கணவரிடமோ கொடுத்து வைக்கலாம். தடித்த பின்னலை உச்சியில் கொண்டையாகக் கட்டுங்கள், இல்லாவிட்டால் அதன் நிழல் நெஞ்சுப் படத்தில் விழும். கர்ப்பமாக இருந்தால், சந்தேகமாக இருந்தாலும், படம் எடுக்குமுன்பே சொல்லிவிடுங்கள். பெண் தாதியிடம் சொல்ல விரும்பினால் கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.

இப்போது காசநோய் பற்றி. இதைத்தான் அதிகம் மறைக்கிறீர்கள். லயத்தில் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும், அதனால் இருமலைக்கூட அடக்கிக்கொள்கிறோம். முகாமில் இருந்தபோது யாராவது ஆறு மாத மருந்து குடித்திருந்தால், குணமான தழும்பு எக்ஸ்ரேயில் இன்னும் தெரியலாம். மறைத்தால் அந்தத் தழும்பு புதிய நோய் போலத் தோன்றி, விசாரணையும் சளிப் பரிசோதனையுமாக நாள் நீளும். இந்தியாவில் தந்த சிகிச்சை அட்டை, பழைய எக்ஸ்ரே படம் இருந்தால் கட்டாயம் கொண்டுபோங்கள். சூட்கேஸின் அடியில் கிடக்கும், தேடிப் பாருங்கள்.

சளி கேட்டால், காலையில் எழுந்ததும், சாப்பிடுமுன், வாயைத் தண்ணீரால் கொப்பளித்துவிட்டு, ஆழமாக மூச்சிழுத்து இருமி எடுங்கள். துப்பல் உதவாது. வீட்டுக்குள் வேண்டாம், வெளியே காற்றோட்டமான இடத்தில், பிள்ளைகள் தள்ளி நிற்க எடுங்கள். கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்கு எட்டு வாரம் வரை ஆகலாம். அதனால்தான் விசா முடிய ஒரு வாரம் இருக்கையில் ஓட வேண்டாம் என்று சொல்கிறேன். தாமதமானால் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் முன்னரே தெரிவித்து, நீடிப்பு பற்றிக் கேளுங்கள்.

நோய் உறுதியானால்? காசநோய்க்கு அரசாங்கம் மருந்தை இலவசமாகத் தருகிறது. அதற்காகவே மாவட்ட மார்பு நோய்ச் சிகிச்சை நிலையம் பதுளையில் இருக்கிறது. மருந்து குடிக்கத் தொடங்கி சில வாரங்களிலேயே பெரும்பாலானோரிடமிருந்து தொற்றும் தன்மை குறைந்துவிடும், ஆனால் ஆறு மாதத்தையும் முடிக்க வேண்டும். கொழுந்து பறிக்கப் போகும் அவசரத்தில் இரண்டாம் மாதம் நிறுத்தினால் நோய் மருந்துக்கு அடங்காமல் திரும்பக்கூடும்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் உள்ளவர்கள், விசா வேண்டியவரோ வேண்டாதவரோ, கொழும்புக்குக் காத்திராமல் இந்த வாரமே தோட்ட டிஸ்பென்சரியில் காட்டுங்கள். அட்டைகளோடு வந்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் மேசைக்கு வாருங்கள், ஒவ்வொன்றாகச் சேர்ந்து பார்ப்போம்.