ஆடாத ஜிமிக்கி

செல்ஃபி கேமராவில் முகத்தைக் காட்டினால் தலையில் நாய்க்காது முளைக்கும். வாயைத் திறந்தால் நீள நாக்கு தொங்கும். 2016-இல் ஊரெல்லாம் போட்டுப் பார்த்துச் சிரித்த ஸ்னாப்சாட் லென்ஸ் அது. பொழுதுபோகாதவர்களின் வேலை என்று அதை ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அது நல்ல கைவேலை. வாயைத் திறந்தால்தான் நாக்கு வரும் என்று யோசித்தாரே ஒருவர், அவர் போட்டுக்கொள்பவரையும் நடிக்க வைத்துவிட்டார். அழகாக வரைந்துவிட்டால் போதாது, முகம் அசையும்போது அதற்குப் பதில் சொல்ல வேண்டும். இந்தக் கலைக்கு உயிர் அதில்தான் இருக்கிறது.

இதன் பெயர் ஆக்மென்டட் ரியாலிட்டி, சுருக்கமாக ஏ.ஆர். அது கேமரா காட்டும் நிஜத்தின் மேல் கணினி வரைந்ததை அந்தந்தக் கணமே பொருத்திக் காட்டும் வித்தை. 1968-இல் அமெரிக்காவில் ஐவன் சதர்லேண்ட் இதற்கென ஒரு கருவி செய்தபோது, தலையில் மாட்டிய அந்தக் கருவியைக் கூரையிலிருந்து தொங்கிய பொறியோடு இணைக்க வேண்டியிருந்தது. இன்று ஒரு கணினியும் கைப்பேசியும் போதும். இத்தகைய லென்ஸ்களைச் செய்ய 2017 டிசம்பரில் ஸ்னாப்சாட்டின் ஸ்னாப் நிறுவனம் வெளியிட்ட லென்ஸ் ஸ்டூடியோ என்ற மென்பொருள் இலவசம்.

புதிதாக வருகிறவர்கள் எடுத்த எடுப்பிலேயே பறக்கும் டிராகன் செய்யப் பார்க்கிறார்கள். வேண்டாம். நெற்றியில் ஒரு பொட்டு வையுங்கள். மென்பொருள் கண், மூக்கு, உதட்டோரம் என்று முகத்தின் புள்ளிகளைக் கண்டுபிடித்து, அவற்றை வைத்து ஒரு வலை பின்னிக்கொள்கிறது. நீங்கள் வைத்த பொட்டு அந்த வலையோடு நகரும். புருவத்தை உயர்த்தும்போது பொட்டும் கூடவே ஏறினால் முதல் பாடம் முடிந்தது.

அடுத்தது ஜிமிக்கி. இங்கேதான் தொழில் தெரியும். இலவச மென்பொருளான பிளெண்டரில் ஜிமிக்கியை உருவாக்கிக் காதில் மாட்டிவிடுகிறீர்கள். நேராகப் பார்க்கும்வரை எல்லாம் சரியாக இருக்கும். தலையைத் திருப்பினால், அந்தப்பக்கத்து ஜிமிக்கி மறைய வேண்டாமா? மறையாது, கன்னத்தின் மேலேயே மிதக்கும். ஏனென்றால் உங்கள் தலைக்குப் பருமன் உண்டு என்பது கணினிக்குத் தெரியாது. அதற்கு ஒக்ளூடர் என்று ஒன்றை வைப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு தலை அது. தான் தெரியாமல், தனக்குப் பின்னால் இருப்பதை மட்டும் மறைக்கும். இந்தத் துறையில் நான் மிகவும் ரசித்த யோசனை இதுதான். காட்டுவதற்காகச் செய்யும் வேலையில் பாதி, மறைக்கக் கற்றுக்கொள்வது.

பிறகு ஜிமிக்கி ஆட வேண்டும். தலை நின்ற பின்னும் கொஞ்சம் ஆடி அடங்க வேண்டும். விறைத்து நிற்கும் ஜிமிக்கியைப் பார்த்தால் எந்தப் பாட்டியும் அது பொய் என்று சொல்லிவிடுவார். வெளிச்சமும் அப்படித்தான். அறையில் ஜன்னல் இடப்பக்கம் இருக்க, நகை வலப்பக்கம் மின்னினால் ஒட்டுவேலை என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும். மென்பொருளில் உள்ள மாதிரி முகங்களோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். கறுத்த முகம், தாடி வைத்த முகம், கண்ணாடி போட்ட முகம், டியூப்லைட் மங்கிய அறை என்று எல்லாவற்றிலும் போட்டுப் பாருங்கள்.

இன்னொரு கண்டிப்பு, அளவு. ஸ்னாப்சாட்டில் ஒரு லென்ஸ் 8 மெகாபைட்டுக்குள் அடங்க வேண்டும். நுணுக்கம் கூடக்கூடக் கோப்பும் பெருக்கும். எதை விடலாம் என்று முடிவெடுக்கும் இடத்தில் கலைஞர் யார் என்பது தெரிந்துவிடும்.

தோலை வெளுக்கவைத்து, மூக்கைக் கூராக்கும் லென்ஸ்கள், அதாவது ஃபில்டர்கள், நிறைய உலவுகின்றன. அவற்றை நான் இந்தக் கலையில் சேர்க்கவில்லை. சிவப்பழகு க்ரீம் விற்கிறவர்கள் செய்ததைத்தான் அவையும் செய்கின்றன.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. இன்ஸ்டாகிராமுக்கு ஃபில்டர் செய்ய மெட்டா நிறுவனம் ஸ்பார்க் என்ற மென்பொருளைத் தந்திருந்தது. 2025 ஜனவரி 14 அன்று அதை மூடிவிட்டார்கள். வெளியார் அதில் செய்து வைத்திருந்த ஃபில்டர்களும் அதோடு போயின. ஆகவே நீங்கள் வரைந்த படங்கள், பிளெண்டர் கோப்புகள் எல்லாவற்றுக்கும் உங்கள் கணினியிலேயே ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.