பொதுப் பூங்காவும் பொதுமக்கள் கடமையும்



இன்று நாம் பொதுப் பூங்காக்களைப் பற்றிச் சிந்திக்கவிருக்கிறோம். பூங்கா என்றதும், அது பட்டணத்தில் வாழ்வோர் மாலையில் காற்று வாங்கும் இடம், மரங்களுக்கிடையே நாள்தோறும் உழைக்கும் நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். அவ்வாறு எண்ணுவது இயல்பே. எனினும், விடியற்காலையில் நாம் பட்டை சீவும் ரப்பர் மரம் இம்மண்ணில் வேரூன்றிய வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்போமாயின், அது ஒரு பூங்காவின் வழியாகவே பரவியது என்பதும், அப்பூங்காவோ மக்கள் சிலர் கூடிச் சந்தா செலுத்தித் தொடங்கியது என்பதும் விளங்கும். ஆகவே பூங்காவைப் பற்றிப் பேச நமக்கு உரிமை உண்டு. அதனைப் பேணும் கடமையில் பங்கும் உண்டு.

சந்தாப் பணத்தில் ஒரு தோட்டம்

1859ஆம் ஆண்டில், வேளாண்மையிலும் தோட்டக்கலையிலும் ஆர்வம் கொண்டோர் சிங்கப்பூரில் ஒரு சங்கமாகச் செயல்பட்டு, தங்லின் பகுதியில் ஒரு தோட்டத்தை உருவாக்க முனைந்தனர். அதற்கான நிலத்தை அன்றைய அரசாங்கம் வழங்கியது. வாம்போவா என்று யாவரும் அழைத்த ஹூ ஆ கே என்னும் சீன வணிகரிடமிருந்து, வேறோர் இடத்து நிலத்தை மாற்றாகக் கொடுத்து, அரசாங்கம் அதனைப் பெற்றிருந்தது. சங்கத்தினர் காட்டைத் திருத்தினர், பாதைகள் அமைத்தனர், மலர்க் கண்காட்சிகளும் இசை நிகழ்ச்சிகளும் நடத்தினர். இன்று உலகம் போற்றும் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் தொடக்கம் இதுவே.

தொடக்கம் நன்றாகவே இருந்தது. ஆனால் தோட்டத்தை விரிவாக்கவும், கண்காணிப்பாளருக்கு வீடு கட்டவும் செய்த செலவு சங்கத்தைக் கடனில் ஆழ்த்தியது. சந்தாப் பணம் ஈடுகொடுக்கவில்லை. 1874இல் தோட்டம் அரசாங்கத்தின் பொறுப்புக்குச் சென்றது.

இந்நிகழ்ச்சியில் நமக்கு இரண்டு பாடங்கள் உள்ளன. ஒன்று, ஒரு பூங்காவைத் தொடங்குவது எளிது. அதனை ஆண்டுதோறும் பேணுவதே அரிது. திறப்பு விழாவன்று கூட்டம் கூடும். அதற்கு அடுத்த ஆண்டு புல் வெட்ட யார் வருவார் என்பதே கேள்வி. மற்றொன்று, ஒரு சிலர் தமக்கென வைத்துக்கொள்ளும் தோட்டம் அந்தச் சிலரின் கை தளர்ந்ததும் தளர்ந்துவிடும். எல்லாருக்கும் உரியதாக ஆனால்தான் அதற்கு நீண்ட ஆயுள் கிடைக்கும்.

பூங்கா தந்த பால்மரம்

அரசாங்கம் பொறுப்பேற்ற மூன்றாம் ஆண்டில், அதாவது 1877இல், இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. அவற்றுள் ஒரு பகுதி இப்பூங்காவில் நடப்பட்டது. வேறு சில பேராக் மாநிலத்தின் கோலகங்சாருக்கு அனுப்பப்பட்டன. அக்காலத்தில் மலாயாவின் தோட்ட முதலாளிகளுக்குக் காப்பியிலும் கரும்பிலும்தான் நாட்டம். இந்தப் புதிய மரத்தை அவர்கள் பொருட்படுத்தவில்லை.

1888இல் பூங்காவின் இயக்குநராக வந்த ஹென்றி ரிட்லி இம்மரத்தை ஆராய்ந்தார். மரத்தைக் கொல்லாமல், பட்டையை மெல்லியதாகச் சீவி, அதே வெட்டை மீண்டும் மீண்டும் திறந்து பால் எடுக்கும் முறையை அவர் வகுத்தார். இன்று நம் கையில் இருக்கும் பால்வெட்டுக் கத்தியின் வேலைமுறைக்கு மூலம் அதுவே. ரப்பரைப் பயிரிடுங்கள் என்று காண்போரிடமெல்லாம் வற்புறுத்தியதால், அவரைப் பித்தர் என்றும் சிலர் ஏளனம் செய்தனர். 1896இல் மலாக்காவில் டான் சே யான் என்பார் ரப்பரைத் தோட்டப் பயிராக வளர்க்க முன்வந்தார். அதன் பின்னர் நடந்ததை நம் பாட்டன் பூட்டன் வாழ்க்கையே சொல்லும்.

நட்ட மரத்தின் முழுப் பயனை உலகம் காண ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆயின. அதுவரை அவற்றைக் காத்தது எது? விற்கப்படாத, கூறுபோடப்படாத, தொடர்ந்து பேணப்பட்ட ஒரு பொது நிலம். பூங்கா என்பது அழகுக்கு மட்டும் உரியதன்று. நாளைய தேவைக்காக இன்று நாம் சேர்த்து வைக்கும் சேமிப்பும் ஆகும். இப்பூங்கா 2015ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. பால்வெட்டுத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த ஒவ்வொருவரும் தம் வரலாற்றின் ஒரு பகுதிக்குக் கிடைத்த மதிப்பாக இதனைக் கொள்ளலாம்.

பொருளும் உழைப்பும்

அரசாங்கம் ஏற்றுக்கொண்டுவிட்டால் மக்களுக்கு வேலையில்லை என்று கருதுவதும் தவறு. சிங்கப்பூரில் 1963ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் அன்றைய பிரதமர் லீ குவான் இயூ ஒரு மெம்பாட் மரக் கன்றை நட்டு, மரநடு இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். 1971 முதல் நவம்பர் மாதத்தில் மரநடு நாள் கொண்டாடப்பட்டது. அடித்தள மக்களும் மாணவர்களும் மண்வெட்டி பிடிக்கும் பழக்கம் இவ்வாறு வளர்ந்தது.

2002இல் பூங்காக்களுக்கென நன்கொடை பெறும் தோட்ட நகர நிதி என்னும் அறநிதியம் அமைக்கப்பட்டது. 2005இல், குடியிருப்புப் பகுதி மக்கள் தாமே சேர்ந்து தோட்டம் போடும் திட்டம் தொடங்கியது. 2007இல் தொடங்கிய மற்றொரு திட்டத்தின்படி, நன்கொடை அளிப்பவர் பணத்தைக் கொடுப்பதோடு நில்லாமல், தாமே சென்று கன்றையும் நடலாம். 2020இல், பத்தாண்டுகளில் பத்து இலட்சம் மரங்களை நடும் இயக்கம் தொடங்கப்பெற்றது.

இத்திட்டங்களில் ஒரு நுட்பத்தை நாம் கவனிக்க வேண்டும். பூங்காவின் அன்றாடப் பராமரிப்பு வரிப்பணத்தில் நடக்கிறது. மக்கள் தரும் நன்கொடை அதற்கு மேலும் ஒரு மரத்தை, ஓர் இருக்கையை, ஒரு கல்வி நிகழ்ச்சியைச் சேர்க்கிறது. நன்கொடை அரசாங்கத்தின் கடமையைக் குறைப்பதற்கு அன்று. மக்களின் உறவைக் கூட்டுவதற்கு. தம் கையால் நட்ட மரத்தை எவரும் ஒடிக்க மனம் கொள்ளார்.

ஒரு தோட்டம் பூங்காவான கதை

கோலாலம்பூரில் உள்ள புக்கிட் கியாரா ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டமாக இருந்தது. நம்மைப் போன்ற பாட்டாளிகள் அங்கே பால் வெட்டினர். பின்னர் அந்நிலத்தை அரசாங்கம் கையகப்படுத்தியது. தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்களுக்கு 1980களில் நீண்ட வரிசை வீடுகள் தற்காலிகமாக அளிக்கப்பட்டன. நிலையான வீடு கிடைக்குமென்று அவர்கள் பல்லாண்டுகள் காத்திருந்தனர். மறுபுறம், குன்றில் மரங்கள் ஓங்கி வளர்ந்தன, தன்னார்வலர்கள் ஓய்வு நாட்களில் நடைபாதைகளைச் செப்பனிட்டனர், கன்றுகளை நட்டனர், குன்றின் அடிவாரத்தில் உள்ள தாமான் ரிம்பா கியாரா சுற்றுவட்டார மக்களின் பொதுப் பூங்காவாயிற்று.

அப்பூங்காவின் ஒரு பகுதியில் உயர்மாடிக் கட்டடங்கள் எழுப்ப 2017இல் அனுமதி வழங்கப்பட்டது. முன்னாள் தோட்டக் குடும்பங்களுக்கான வீடுகளும் அத்திட்டத்தில் சேர்க்கப்பட்டிருந்தன. சுற்றுவட்டார மக்கள் அனுமதியை எதிர்த்து நீதிமன்றம் சென்றனர். 2018இல் உயர் நீதிமன்றத்தில் அவர்கள் தோற்றனர். 2021 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றனர். 2023ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்தது. அனுமதி செல்லாது என்பது முடிவாயிற்று. இத்துணை நீண்ட வழக்கைத் தாங்கப் பொருள் வேண்டும்; அதனினும் மேலாகப் பொறுமையும் ஒற்றுமையும் வேண்டும்.

பூங்கா காக்கப்பட்டது குறித்து நாம் மகிழ்கிறோம். ஆயினும் வரிசை வீடுகளில் காத்திருந்த நம் மக்களை மறந்து மகிழ முடியாது. மரத்தை நட்டு, வெட்டி, நாட்டுக்குச் செல்வம் சேர்த்தவர்களுக்கு வீடு கொடுப்பதும் பொதுக் கடமை. பிள்ளைகளுக்குத் திறந்தவெளியை விட்டுவைப்பதும் பொதுக் கடமை. இரண்டையும் எதிரெதிரே நிறுத்தி, ஒன்றைப் பெற மற்றொன்றைக் கொடு என்று கேட்கும் நிலை வராமல் காப்பதே நேரிய வழி. பூங்காவுக்காகக் குரல் கொடுப்போர் பாட்டாளியின் வீட்டுக்காகவும் குரல் கொடுக்க வேண்டும். வீட்டுக்காகப் போராடும் நாமும், அவ்வீட்டுக்கு அருகே ஒரு திடலும் நிழலும் வேண்டுமென்று சேர்த்தே கேட்க வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை

நம் குடியிருப்பை அடுத்த திடலோ, பக்கத்துச் சிற்றூரின் பூங்காவோ எதுவாயினும், முதலில் அந்நிலம் யாருக்குரியது என்று அறிதல் வேண்டும். தோட்ட நிர்வாகத்துக்கு உரியதாயின் நிர்வாகத்திடமும், ஊராட்சிக்கு உரியதாயின் ஊராட்சி மன்றத்திடமும் எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும். வாய்மொழி அனுமதி, அதிகாரி மாறினால் மாறிவிடும்.

அடுத்து, சிறிய குழு ஒன்றை அமைக்க வேண்டும். அதில் தாய்மார்களும் இளைஞர்களும் இடம்பெறுதல் இன்றியமையாதது. பிள்ளைகள் எங்கே விளையாடுகின்றனர், இரவில் எவ்விடம் இருளாக உள்ளது என்பதைத் தாய்மார்களே நன்கு அறிவர். மலாய், சீன நண்பர்களையும் அழைப்போம். கோத்தோங் ரோயோங் என்னும் கூட்டுழைப்பு இந்நாட்டு மக்கள் அனைவருக்கும் பொதுவான பண்பு.

நிதியைப் பொறுத்தவரை, பெருந்தொகைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. எடுத்துக்காட்டாக, 60 குடும்பங்கள் மாதம் 2 வெள்ளி வீதம் கொடுத்தால் மாதத்துக்கு 120 வெள்ளியும் ஆண்டுக்கு 1,440 வெள்ளியும் சேரும். கருவிகளுக்கும் கன்றுகளுக்கும் அது பெரிதும் உதவும். திருமண வீட்டில் மொய் எழுதுவதில் நாம் காட்டும் ஒழுங்கைப் பொதுப் பணத்திலும் காட்ட வேண்டும். யார் எவ்வளவு கொடுத்தார், எதற்குச் செலவாயிற்று, கையிருப்பு எவ்வளவு என்பதை மாதந்தோறும் எல்லாரும் காணும் இடத்தில் ஒட்டி வைத்தல் வேண்டும். கணக்கு மறைந்தால் நம்பிக்கை மறையும். நம்பிக்கை மறைந்தால் அடுத்த மாதம் உண்டியலும் நிறையாது. பணம் தர இயலாத குடும்பம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உழைப்பைத் தரட்டும். இரண்டும் ஒரே மதிப்புடையவை என்று குழுவில் முதலிலேயே தீர்மானித்துவிடுவது நலம்.

மரத்தைப் பற்றிய அறிவு நம்மிடம் நிறைய உண்டு. பட்டையில் படும் காயம் ஆழமானால் மரம் என்னவாகும் என்பதை நமக்கு எவரும் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே பூங்கா மரங்களில் ஆணி அறைந்து விளம்பரம் தொங்கவிடுவதையும், கம்பி கட்டுவதையும், அடிமரத்தில் குப்பை எரிப்பதையும் நாமே முன்னின்று தடுக்கலாம். நீர் ஊற்றக்கூடிய அளவுக்கே கன்றுகளை நட வேண்டும். நூறு கன்றை நட்டு எண்பதைக் காயவிடுவதைவிட, இருபதை நட்டு இருபதையும் வளர்ப்பது மேல். பழைய டயர், டின், தேங்காய்ச் சிரட்டை முதலியவற்றில் நீர் தேங்கினால் டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெருகும். வாரம் ஒருமுறை அவற்றை அகற்றுவதும் பூங்காப் பணியே.

பெருமக்களே,

பிறர் நிலத்தில் பிறர் மரத்தை வளர்த்தே நம் தலைமுறைகள் கழிந்தன. பொதுப் பூங்காவில் நடும் மரம் அத்தகையதன்று. அதன் நிழலுக்கு வாடகை இல்லை. அதன் கீழ் அமர்வதற்கு எவரிடமும் சீட்டு வாங்க வேண்டியதில்லை. நம் பிள்ளைகளும் அண்டை வீட்டுப் பிள்ளைகளும் அங்கே சரிசமமாக விளையாடுவர். அத்தகைய இடம் ஒன்று நம் ஊரில் இருக்குமாயின் அதனைப் பேணுவோம். இல்லையாயின் வேண்டுமென்று ஒன்றுபட்டுக் கேட்போம். வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில், ஒரு மணி நேரமாவது, அதற்கென ஒதுக்குமாறு உங்கள் அனைவரையும் அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.