ஓடியவர் பெயரை ஏட்டில் எழுதுவோம்



அமெரிக்க நாட்டின் ஜாக்சன்வில் நகரில் 1942-ஆம் ஆண்டு பிறந்தவர் பாப் ஹேய்ஸ் என்னும் கறுப்பின வீரர். நிறத்தின் பெயரால் பள்ளிகளும் பிரிந்து கிடந்த காலம் அது. கறுப்பினப் பிள்ளைகளுக்கென அமைந்த மேத்யூ கில்பர்ட் உயர்நிலைப் பள்ளியில் அவர் பயின்றார். ஓட்டமும், பந்தைக் கையிலேந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தும் அவர்தம் இரு கண்கள்.

1958-இல் அப்பள்ளிக் கால்பந்துக் குழு 12 ஆட்டங்களிலும் வென்று, கறுப்பினப் பள்ளிகளுக்குரிய மாநிலப் பட்டத்தைப் பெற்றது. அக்குழுவில் ஹேய்ஸ் மாற்று ஆட்டக்காரரே. அவ்வெற்றியையோ வெளியுலகம் பொருட்படுத்தவில்லை. உரிய சிறப்புக் கிடைக்க 50 ஆண்டுகள் ஆயின.

அந்த மாற்று ஆட்டக்காரர்தாம் 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தொலைவை 10.0 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார். தொடரோட்டத்திலும் தங்கம் பெற்றார். பின்னர் டல்லஸ் கௌபாய்ஸ் குழுவில் ஆடி, 1972-இல் சூப்பர் பௌல் கோப்பையை வென்ற அணியிலும் இடம்பெற்றார்.

இளைஞர்களே! இரண்டாம் வரிசையில் நிற்க நேர்ந்தால் நாணாதீர்கள், பயிற்சியைக் கைவிடாதீர்கள். பெரியோர்களே! நம் பிள்ளைகள் பள்ளித் திடலில் பெறும் வெற்றியைப் பிறர் எழுதுவர் என்று 50 ஆண்டுகள் காத்திருத்தல் வேண்டா. பெயரும் ஆண்டும் குறித்து நம் சங்க ஏட்டில் இன்றே நாம் எழுதி வைப்போம்.