நெஞ்சுவலியும் அதன் வேறுபாடும்
(நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மேடையில் இலக்கியம் பேசிப் பழகிய யாம் இன்று நோயைப் பற்றிப் பேசப் புகுந்தமை சிலர்க்கு வியப்பாகலாம். யாம் வைத்தியர் அல்லோம். எனினும், ஒரு சொல்லால் விளையும் மயக்கம் உயிர்க்கே கேடாய் முடிந்ததை நேரிற் கண்டமையின், வைத்தியர்பாற் கேட்டறிந்தவற்றை உங்கள்முன் வைக்கத் துணிந்தோம்.

அச்சொல் 'நெஞ்சு' என்பதாம். அது மனத்தையும் குறிக்கும், மார்பையும் குறிக்கும், இக்கால வழக்கில் இருதயத்தையும் குறிக்கும். ஆதலின், 'நெஞ்சுவலி' என்ற அளவிலே ஒரு சாரார் இருதயம் பழுதுற்றதென நடுங்குகின்றனர். மற்றொரு சாரார் 'வாயுப்பிடிப்பு' என்று கூறி ஓமநீர் பருகிப் படுத்துவிடுகின்றனர். இவ்விருவகைப் பிழையும் எம் குடும்பத்திலேயே நிகழ்ந்தன.

எமக்குத் தமையன் முறையாகும் நெசவாளர் ஒருவர், தறியில் இருக்கும்போதே மார்பில் இறுக்கமுற்று வியர்த்தனர். "வாயுதான், எடுத்த சேலையை முடித்துக் கொடுத்தபின் பார்த்துக்கொள்வோம்" என்றனர். எண்ணெய் தேய்த்து ஒற்றடமும் கொடுத்தனர். விடியுமுன் அவர் உயிர் நீங்கிற்று. சேலை தறியிலேயே நின்றது.

அதன்பின் சில திங்கள் கழித்து, பள்ளியிற் புத்தகப் பேழைகளை இடம் மாற்றிய மறுநாள், எமக்கு இடப்பக்க மார்பிற் குத்தல் உண்டாயிற்று. தமையனாரை நினைந்து நடுங்கினோம். நடுங்கியும் ஒருவர்க்கும் உரையாது மூன்று இரவு விழித்திருந்தோம். நான்காம் நாள் மருத்துவமனை புக்கபோது, வைத்தியர் முதற்கண் இருதய மின்வரைபடமும் இரத்தச் சோதனையும் செய்வித்தனர். அவை குற்றமற்றன எனக் கண்டபின் ஒரு விரலால் மார்பெலும்பின் ஓரத்தை அழுத்தினர். "அதுவே அவ்வலி" என்று கூவினோம். "இது மார்புச்சுவரின் நோவு, இருதயத்தின் நோவன்று. ஆயினும் மூன்று நாள் காத்திருந்தது பெரும் பிழை" என்றனர் அவர்.

மார்பு ஒரு கூடு. அதன்கண் பக்கத்திற்கு 12 ஆக 24 விலா எலும்புகள் உள்ளன. பின்னே அவை முதுகெலும்பிற் பொருந்தும். முன்னே மேலுள்ள ஏழும் குருத்தெலும்பால் மார்பெலும்போடு நேரே இணையும். அடுத்த மூன்றும் தமக்கு மேலுள்ள குருத்தெலும்பைப் பற்றும். இறுதி இரண்டும் முன்புறம் பற்றுக்கோடின்றி நிற்கும். விலாக்களின் இடையே தசைகள் உள. மூச்சுவிடுந்தோறும் இக்கூடு அசைதலின், ஊறுபட்ட இடத்திற்கு முழு ஓய்வு கொடுத்தல் இயலாது. நோவு நாள் நீடித்தற்கு அதுவே காரணம்.

நூற்பொதி தூக்குதல், நெடுநேரம் தறியிற் குனிந்திருத்தல், நாட்பட்ட இருமல், பழகாத உடற்பயிற்சி, அடிபடுதல் என்பன இந்நோவிற்குரிய காரணங்கள். சிலர்க்குக் காரணம் புலப்படுவதில்லை. குருத்தெலும்புப் பொருத்தின் நோவு பெரும்பாலும் இரண்டாம் விலா முதல் ஐந்தாம் விலா வரை தோன்றும், வீக்கம் இராது. வீக்கத்தோடு கூடிய அரிய வகையொன்றை அலெக்சாண்டர் தீட்சே என்னும் செர்மானிய அறுவை வைத்தியர் 1921-ஆம் ஆண்டில் விளக்கினர்.

இதன் அடையாளம் யாது? வலியுற்ற இடத்தை ஒரு விரலாற் சுட்டலாம். அழுத்தின் அதே வலி எழும். திரும்பினாலும், கையை உயர்த்தினாலும், இருமினாலும், ஆழ மூச்சிழுத்தாலும் மிகும். ஈண்டு ஓர் எச்சரிக்கை. அழுத்தின் நோவது கொண்டு மட்டும் இருதயம் நலமென்று துணிதல் கூடாது. இருதய அடைப்புற்றார் சிலர்க்கும் மார்பு தொட்டால் நோகும். நுரையீரல் நோயிலும் மூச்சிழுக்க வலி மிகும். ஒருபக்கமாக எரிந்து, சில நாளிற் கொப்புளம் தோன்றுமாயின் அஃது அக்கியாம். அதற்குரிய மருந்தை விரைந்து தொடங்கல் வேண்டும்.

மார்பின் நடுவே பாரம் வைத்தாற்போன்ற அழுத்தம்; இடத்தோள், கை, தாடை, முதுகு ஆகியவற்றிற்குப் பரவும் வலி; குளிர்ந்த வியர்வை; மூச்சுத்திணறல்; குமட்டல்; மயக்கம்; நடந்தால் மிகுந்து நின்றால் தணியும் வலி: இவற்றுள் ஒன்று காணினும் நாளை என்னற்க. உடனே 108-ஐ அழைத்து மருத்துவமனை செல்க. நீரிழிவுடையார்க்கும், முதியோர்க்கும், பெண்டிர்க்கும் வலியின்றி மூச்சுத்திணறலும் சோர்வுமே அடையாளமாதல் உண்டு. முதன்முறை வந்த மார்புவலி எதுவாயினும், இன்னதென வைத்தியர் கூறக் கேட்டலே முறை.

மார்புச்சுவர் நோவென்று தெளிந்தபின் செய்யத்தக்கன எளியன. சின்னாள் பாரம் தூக்காதிருத்தல்; நாளில் இரண்டு மூன்று முறை கால்மணி நேரம் வெந்நீர் ஒற்றடம்; வேண்டின் பாரசிட்டமால் மாத்திரை. வளர்ந்தவர்க்கும் அது ஒரு நாளில் 4 கிராம் மிகலாகாது. ஈரல் நோயுடையாரும் மதுவருந்துவோரும் அதனினும் குறைத்தல் வேண்டும். ஐபுப்ரோஃபென் போன்றவற்றைக் குடற்புண், சிறுநீரகக் குறை, இருதய நோய் உடையாரும் கருவுற்றாரும் வைத்தியரைக் கேளாது உண்ணலாகாது. மார்பைத் துணியால் இறுகக் கட்டுதல் தவறு. மூச்சு ஆழாது சளி தங்கும். சுளுக்கெடுப்பதாக வலிந்து பிசைதலும் மிதித்தலும் தீது. முதியோர்க்கு விலா முறிதலும் கூடும். பெரும்பாலார்க்குச் சில வாரங்களிலும், சிலர்க்குச் சில திங்களிலும் நோவு தணியும். பின்னர்ச் சிறுகச் சிறுகத் தொழிலுக்கு மீள்க. இடையிடையே எழுந்து தோளை விரித்து மூச்சு ஆழ இழுக்க.

பெரியீர்! அச்சமும் அலட்சியமும் வேறுவேறாகத் தோன்றினும், இரண்டும் நம்மை வைத்தியர் வாயிலுக்குச் செல்லாமல் தடுத்தன. அஞ்சிய யாம் பிழைத்தது எம் அறிவாலன்று; நோவு எளியதாய் இருந்தமையால். தமையனார்க்கு அந்நல்வினை வாய்த்திலது. நம்மவர் இல்லத்தில் ஒருவர் "நெஞ்சு நோகிறது" என்பாராயின், பெயரிட்டுக் காலம் கழியாமல், தறியை நிறுத்தி அவரை அழைத்துச் செல்லுங்கள். இஃதொன்றே எம் வேண்டுகோள்.