மாதிரி விமானத்தின் மூக்கிலே மோட்டார்

1957ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே கேணல் டாப்ளின் என்பார் ‘ரேடியோ குயின்’ என்னும் மாதிரி விமானத்தை மின்மோட்டாரின் வலியாற் பறக்கவிட்டு, தரையில் நின்றவாறே வானொலி அலைகளால் அதனை ஆண்டார். வெள்ளி-துத்தநாகப் பற்றறி அதற்கு மின்னூட்டியது. அன்று அது பெருவியப்பு. இன்றோ, எடைகுறைந்த லித்தியம் பற்றறி வந்தமையால், பள்ளி மாணவனும் அம்முயற்சியிலே துணிந்து இறங்குகின்றான்.

அவன் விமானத்தின் உடலும் இறகும் பெரும்பாலும் நுரைப்பொருளால் ஆனவை. நம் நாட்டார் ‘ரெஜிபோம்’ என்பது அவ்வினத்தது. நகம் பட்டாலே குழியும் அப்பொருளிலே, நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுழலும் மோட்டாரை நிறுத்துவது எங்ஙனம்?

திருகாணியை நேரே நுரையில் முறுக்கினால் அது பிடிப்பிழந்து, மோட்டார் விசிறியோடு பிய்த்துக்கொண்டு பாயும். ஆதலால், ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஒட்டுப்பலகையை மூக்கின் முகப்பளவுக்கு வெட்டி, மோட்டாரை அதிலே பூட்டி, பலகையை நுரையோடு ஒட்டுதல் வேண்டும். அப்பொழுது விசை முகப்பெங்கும் பரவும். பசையிலும் கவனம் தேவை. சாதாரண ‘சுப்பர் குளூ’ ரெஜிபோமை நீர்பட்ட சர்க்கரைபோலக் கரைத்துவிடும். சூட்டில் உருக்கி ஒட்டும் பசையோ மோட்டார் வெம்மையுறும்போது இளகும். எப்பொக்சிப் பசையே நன்று.

இனி, பலரும் பொருட்படுத்தாத கோணத்துக்கு வருவோம். மோட்டாரை மிக நேராகப் பூட்டினாற் போதும் என்றே எவரும் எண்ணுவர். விமானம் அவ்வாறு எண்ணுவதில்லை! பின்னிருந்து நோக்குங்கால் வலஞ்சுழியாகச் சுற்றும் விசிறி, எதிர்விளைவாக விமானத்தை இடப்புறம் சாய்க்க முயல்கின்றது. அது வீசும் காற்றும் உடலைச் சுற்றிச் சுருண்டு சென்று வாலைத் தாக்கி, மூக்கை இடப்பக்கம் திருப்புகின்றது. ஆகவே மோட்டாரின் அச்சை ஏறத்தாழ 2 பாகை வலப்புறம் திருப்பி வைப்பர். இறகு உடலுக்கு மேலே அமைந்த விமானமாயின், வேகம் கூட்டியவுடன் மூக்கு மேலெழும்; அதனைத் தணிக்க அச்சைச் சில பாகை கீழ்நோக்கியும் சரிப்பர். பலகைக்கும் மோட்டார்த் தாங்கிக்கும் இடையே, மேலுள்ள திருகாணிகளில் மெல்லிய வளையங்களைச் செருகினால் கீழ்ச்சரிவு கிடைக்கும். இடப்பக்கத் திருகாணிகளிற் செருகினால் வலப்பக்கத் திருப்பம் கிடைக்கும். இத்துணைச் சிறிய வளையத்தின் பொருட்டு எத்தனை விமானங்கள் தரையில் மோதி நொறுங்கியிருக்கும்!

இவ்வகை மோட்டார் பலவற்றில் வெளிக்கூடே சுழல்வதால், கம்பி எதுவும் அதில் உரசலாகாது. காற்று புகவும் வெளியேறவும் வழி வேண்டும். நுரை வெப்பத்தை வெளியே விடாது. பற்றறியை முன்னும் பின்னும் நகர்த்தி, வரைபடம் காட்டும் இடத்திலே எடைமையம் அமையுமாறு செய்க.

சுழற்சியின் திசையைச் சோதிக்குமுன் விசிறியைக் கழற்றிவிடல் வேண்டும். இதிலே பெற்றோர் விட்டுக்கொடுத்தலாகாது. பற்றறியை இணைத்த கணத்திலேயே மோட்டார் எதிர்பாராது ஓடலாம். சிறு விசிறியும் விரலைத் துண்டிக்க வல்லது. திசை மாறியிருப்பின், தூரிகையற்ற மோட்டாருக்குச் செல்லும் 3 கம்பிகளுள் எவையேனும் இரண்டை இடம்மாற்றினாற் சரியாகும். அதன்பின், பற்றறியை அகற்றிவிட்டே விசிறியைப் பூட்டுக.