காப்பாளரும் கடத்துபவரும்

மாற்றுத்திறனாளிகள் ஆள்கடத்தலுக்கு இரையாவதை ஆராயும் இக்கருத்தரங்குக்குத் தலைமையேற்கும் பொறுப்பைத் தந்தமைக்கு நன்றி.

ஆள்கடத்தல் என்றதும் முகம் தெரியாத கும்பல்தான் நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் வேலை கொடுத்தவர், தங்க இடம் தந்தவர், உதவித்தொகையை வாங்கி வைத்திருப்பவர் ஆகியோரிடமிருந்தே ஆபத்து வரக்கூடும். இரு நிகழ்வுகளை அவை முன் வைக்கிறேன்.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் அட்டலிசா ஒரு சிற்றூர். டெக்சாஸ் அரசு இல்லங்களில் வாழ்ந்த, அறிவுசார் குறைபாடுள்ள ஆண்களை ஹென்றிஸ் டர்க்கி சர்வீஸ் என்ற நிறுவனம் 1970களில் அங்கே வேலைக்குக் கொண்டு சென்றது. பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தில் தங்கி, வான்கோழி இறைச்சி ஆலையில் உழைத்தார்கள். கைக்கு வந்தது மாதம் 65 டாலர். கூலியையும் அரசு உதவித்தொகையையும் நிறுவனமே கையாண்டு, தங்குமிடம், பராமரிப்பு என்று கழித்துக்கொண்டது. 1979லேயே ஒரு நாளிதழ் இதைப் பற்றி எழுதியது. விடுதி மூடப்பட்டதோ 2009ல். 2013ல் 32 பேருக்கு 24 கோடி டாலர் இழப்பீடு என்றது ஜூரி. சட்டத்தின் உச்சவரம்பு அதை 16 லட்சமாகக் குறைத்தது. அதுவும் ஆள்கடத்தல் வழக்காக அல்ல, பாகுபாட்டு வழக்காகவே நடந்தது.

தென்கொரியாவின் சினான் தீவுகளிலுள்ள உப்பளங்களுக்கு வேலைத் தரகர்கள் ஆட்களைச் சேர்த்தார்கள். அவர்களில் அறிவுசார் குறைபாடுள்ளோரும் வீடற்றோரும் இருந்தார்கள். கூலியின்றி, அடிவாங்கி உழைத்தவர்களில் பார்வைக் குறைபாடுள்ள ஒருவர் 2014ல் தம் தாய்க்கு மறைவாகக் கடிதம் அனுப்பினார். சியோல் காவல்துறை வந்து மீட்டது. உள்ளூர்க் காவலர்கள் கடமை தவறியதற்கு அரசே பொறுப்பு என்று நீதிமன்றம் பின்னர் கூறியது.

இரண்டு இடங்களிலும் ஒருவரது பணமும் இருப்பிடமும் வெளித்தொடர்பும் ஒரே கையில் சிக்கியிருந்தன. பராமரிப்பு என்ற பெயரே அந்தப் பிடியை மறைத்தது. “விரும்பித்தானே இருந்தார்” என்ற வாதத்தை நாம் ஏற்கக் கூடாது. ஒருவரின் நலிந்த நிலையைப் பயன்படுத்திப் பெற்ற சம்மதம் செல்லாது என்பதே ஆள்கடத்தலுக்கு எதிரான 2000ஆம் ஆண்டின் பலெர்மோ நெறிமுறையின் நிலைப்பாடு.

நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 7ஆம் பிரிவின்படி, சுரண்டலை அறிந்த எவரும் நிர்வாக நடுவரிடம் தகவல் தரலாம். அவர் மீட்பு ஆணை பிறப்பிக்கலாம். சாட்சியம் குறித்த சட்டத்தின்படி, பேச இயலாத சாட்சி எழுத்திலோ சைகையிலோ சாட்சியம் அளிக்கலாம். சிறப்புக் கல்வியாளர் துணைநிற்கலாம். இவை நடைமுறைக்கு வராதவரை ஏட்டுச் சுரைக்காயே.

ஆகவே இவ்வரங்கிடம் மூன்று கேள்விகளுக்கு விடை கேட்கிறேன். கூலியும் உதவித்தொகையும் உரியவர் கைக்கே போகின்றனவா என்று யார் சரிபார்ப்பது? இல்லங்களிலும் பணியிடங்களிலும் உள்ளவர்களை வெளியார் தனியே சந்தித்துப் பேச என்ன வழி? காவல் நிலையத்தில் பாதிக்கப்பட்டவரின் சொல் நம்பப்பட விசாரிப்பவருக்கு என்ன பயிற்சி? பாதிக்கப்பட்டோரையும் உடன் அமர்த்தி விடை தேடுங்கள். நீங்கள் எழுதும் பரிந்துரை ஒரு வட்டாட்சியர் மறுநாளே செயல்படுத்தக்கூடியதாக இருக்கட்டும். அந்த எதிர்பார்ப்போடு கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.