தண்டவாளம் தந்த தேற்றம்
(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டுதோறும் இலக்கியம் முழங்கும் இம்மேடையில், இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரியும், மெட்ரிகுலேஷனுக்கு மேல் படியாத நான், நாற்கரங்களைப் பற்றிப் பேச நிற்கின்றேன். தலைப்பைக் கேட்டுச் செயலாளர் அவர்கள் சற்றே திகைத்தார். பின்னர், "குழந்தைகளுக்குப் பயன்படுமானால் பேசுங்கள்" என்று இசைந்தார். அவருக்கு என் நன்றி.

என் மகள் ஒன்பதாம் வகுப்பில் பயில்கின்றாள். ஓரிரவு அவள் கணக்குப் புத்தகத்துடன் என் அருகில் வந்து, "அப்பா, இணைகரத்தின் எதிர்ப்பக்கங்கள் சமம் என்று நிறுவச் சொல்கின்றார்கள். அளவுகோலால் அளந்து பார்த்தேன், சமமாகத்தான் இருக்கின்றன. அது போதாதா?" என்று வினவினாள். என்னால் விடை கூற இயலவில்லை. ஏன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகின்றேன்.

என் பள்ளி நாளில் இதே தேற்றத்தை நெட்டுருப் போட்டுத் தேர்வில் எழுதினேன். எதிர்ப்பக்கங்கள் சமம் என்பதையே காரணமாகக் காட்டி இரு முக்கோணங்களைச் சர்வசமமாக்கினேன். பிறகு அவை சர்வசமமாதலால் எதிர்ப்பக்கங்கள் சமம் என்று முடித்தேன். விடைத்தாள் சிவப்புக் கோட்டுடன் திரும்பி வந்தது. பிழை எதுவென்று எவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கணக்கு நமக்கு வராது என்று முடிவு கட்டிக்கொண்டேன். அலுவலகத்தில் பல்லாண்டு கோப்புகளுடன் பழகிய பிறகே அப்பிழை எனக்கு விளங்கியது. ஒரு பில்லுக்குச் சான்றாக அதே பில்லின் நகலை இணைத்து அனுப்பினால் எந்தத் தணிக்கையாளர் ஏற்பார்? நான் செய்தது அதுவே.

மகளின் வினாவுக்கு விடை தேடியபோது என் நினைவுக்கு வந்தது நம் நாகபுரியின் டைமண்ட் கிராசிங். ஹௌரா – மும்பைப் பாதையும் தில்லி – சென்னைப் பாதையும் ஒரே தளத்தில் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் இடம் அது. அகலப் பாதையில் இரு தண்டவாளங்களுக்கும் இடையே 1676 மில்லிமீட்டர். பழைய அளவில் ஐந்தரை அடி. நேராகச் செல்லும் இத்தகைய இரு பாதைகள் வெட்டிக்கொண்டால் நடுவே ஒரு நாற்கரம் பிறக்கின்றது. அதனை 'டைமண்ட்' என்கின்றோமே, அது உண்மையில் சாய்சதுரந்தானா?

ஒரே அகலமுள்ள இரு காகிதப் பட்டைகளை வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றைக் குறுக்காக வைத்தேன். மகள் நான்கு பக்கங்களையும் அளந்தாள், சமமாக இருந்தன. பட்டையைச் சிறிது திருப்பினேன், மீண்டும் அளந்தாள். இன்னும் திருப்பினேன். மூன்றாம் முறை அளவுகோலைக் கீழே வைத்துவிட்டு, "எத்தனை முறைதான் அளப்பது, அப்பா?" என்றாள். அவள் முதலில் கேட்ட வினாவுக்கு அவளே தந்த விடை அது. அளவை அன்றைய ஒரு படத்திற்கே சான்று. நிறுவலோ வரையப்பட்டவை, வரையப்படாதவை அனைத்திற்கும் சான்று.

பிறகு நிறுவலைத் தொடங்கினோம். நாற்கரத்தின் முனைகளைச் சுற்று வரிசையில் க, ச, த, ப என்று கொள்வோம். தண்டவாளங்கள் இணையானவை, ஆகவே இது இணைகரம். இணைகோடுகளைக் குறுக்குக்கோடு ஒன்று வெட்டினால், அதன் ஒரே பக்கத்து உட்கோணங்கள் சேர்ந்து 180 பாகை. எனவே க, ச இரண்டும் சேர்ந்து 180. க, ப இரண்டும் சேர்ந்து 180. ஆகையால் ச கோணமும் ப கோணமும் சமம்.

அடுத்து, கத என்னும் மூலைவிட்டத்தை வரைவோம். இருபுறமும் இரு முக்கோணங்கள் தோன்றும். ஒன்றுவிட்ட கோணங்கள் இரண்டு இணைகள் சமம். ஒன்றுவிட்ட அண்ணன், ஒன்றுவிட்ட தங்கை என்று நாம் உறவு சொல்வதில்லையா, அந்தச் சொல்லே இது! மூலைவிட்டம் இரண்டிற்கும் பொதுப் பக்கம். ஆதலால் முக்கோணங்கள் சர்வசமம், எதிர்ப்பக்கங்கள் சமம். இங்கே நிறுவ வேண்டியதைச் சான்றாகக் கொள்ளவில்லை என்பதைக் கவனியுங்கள். யூக்ளிட் தம் நூலின் முதற் புத்தகத்தில் 34ஆம் கூற்றாக வைத்திருப்பது இதுவே.

ஆனால் எதிர்ப்பக்கங்கள் சமமானால் மட்டும் சாய்சதுரம் ஆகிவிடாது. அடுத்த பக்கங்களும் சமமாக வேண்டும். இவ்விடத்தில் நான் நின்றுவிட்டேன். நெடுநேரம் படத்தையே பார்த்திருந்த மகள், "அகலத்தை நாம் இன்னும் பயன்படுத்தவே இல்லையே!" என்றாள். க என்னும் முனையிலிருந்து சத, தப ஆகிய இரு கோடுகளுக்கும் செங்குத்துகள் வரைந்தாள். ஒவ்வொரு செங்குத்தும் ஒரு பாதையின் அகலம், இரண்டும் 1676. ச, ப கோணங்கள் சமம் என்று முன்பே கண்டோம். ஒவ்வொரு முக்கோணத்திலும் ஒரு செங்கோணம் உண்டு. ஆகவே இரு செங்கோண முக்கோணங்களும் சர்வசமம். கச, கப சமம். நான்கு பக்கங்களும் சமமாயின. சாய்சதுரம் நிறுவப்பட்டது. பாதைகள் செங்கோணத்தில் வெட்டினால் அதுவே சதுரமாகும்.

நான் நின்ற இடத்தில் என் மகள் என்னைக் கடந்து சென்றாள். தந்தைக்கு அதைவிட மகிழ்ச்சி வேறு உண்டோ? அடுத்து அவளே, "762 மில்லிமீட்டர் குறுகிய பாதை அகலப் பாதையை வெட்டினால்?" என்று கேட்டு, "இணைகரந்தான், சாய்சதுரம் ஆகாது" என்று விடையும் கூறினாள். எந்தக் காரணம் எந்த முடிவைத் தாங்குகின்றது என்பதை அறிந்தவர்க்கே இவ்விடை தோன்றும்.

மாணவச் செல்வங்களே! கொடுக்கப்பட்டது எது, நிறுவ வேண்டியது எது என்று முதலில் தனித்தனியே எழுதுங்கள். ஒவ்வொரு வரிக்கும் அருகில் காரணம் எழுதுங்கள். வழி அடைபட்டால், கொடுக்கப்பட்டவற்றுள் பயன்படுத்தாதது ஏதேனும் உண்டா என்று தேடுங்கள். பிழை நேர்ந்தால், எங்கே பிழை என்று அஞ்சாமல் கேளுங்கள். நான் கேட்காமல் விட்டது இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் என்னை நெருடிற்று.

பெற்றோர்களுக்கும் ஒரு சொல். நம் பிள்ளைகள் இங்கே ஆங்கிலத்திலோ இந்தியிலோ மராத்தியிலோ கணக்குப் பயில்கின்றனர். வீட்டில் அதையே தமிழில் ஒருமுறை பேசிப் பாருங்கள். வடமொழியில் பக்கத்தைப் புஜம், அதாவது தோள் என்றனர். நாம் நாற்கரம் என்னும்போது கரம், அதாவது கை என்கின்றோம். பொருள் விளங்கினால் அச்சம் அகலும்.

அலுவலகத்தில் மேலதிகாரியின் சொல்லுக்கு ஓர் எடை; எழுத்தரின் சொல்லுக்கு வேறோர் எடை. தேற்றத்தின் முன் அந்த வேறுபாடு இல்லை. காரணம் சரியானால் எழுத்தரின் மகள் சொன்னாலும் அது நிற்கும். காரணம் பிழையானால் எவர் சொன்னாலும் விழும். இந்தத் துணிவை நம் பிள்ளைகளுக்கு அளிப்போம்.